மாத்திரையைக் குறைத்தபோது சுற்றிய தலை

2024 ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தைத் தொடங்கியிருந்தேன். கரும்பலகையின் இடப்புறம் மதிப்பகத்தையும் வலப்புறம் துணை மதிப்பகத்தையும் வரைந்து, இரண்டையும் அம்புக்குறிகளால் இணைத்துவிட்டு மாணவியர் பக்கம் திரும்பிய கணத்தில், தலைக்குள் ‘விர்’ரென்று ஏதோ ஓடி அறுந்தது. கண்கள் முதலில் திரும்பிவிட்டன. அவை பார்த்த காட்சி அரை நொடி கழித்துத்தான் வந்து சேர்ந்தது. தரை ஒரு பக்கமாகச் சாய்வது போலிருக்க, சாக்பீஸ் பிடித்த கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “டீச்சர், தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டாள். ஆறு நாள்களாக நான் பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை சாப்பிடவில்லை என்பதையும் இந்தச் சுற்றலையும் அப்போது என் மனம் ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை.

அந்த மாத்திரை என் வாழ்வில் வந்தது 2021 ஆகஸ்டில். கொரோனா இரண்டாம் அலையில் அப்பாவை இழந்தபின், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள எழுந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. இதயத் துடிப்பு வரைபடம், தைராய்டு, இரத்தச் சோதனை என எல்லாம் எடுத்துப் பார்த்தும் ஒரு குறையும் இல்லை என்றே வந்தது. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். ஒரு வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10 மில்லிகிராம் எஸ்சிடலோபிராம், முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் இரவில் பதற்றத்தை உடனே தணிக்கும் குளோனசெபாம் கால் மில்லிகிராம் என்று எழுதிக்கொடுத்தார். முதல் பத்து நாள்கள் பதற்றம் கூடத்தான் செய்யும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அந்த நாள்களைக் கடக்க முடிந்தது. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் இரவு முழுவதும் இடையில் விழிக்காமல் உறங்கி எழுந்தேன். அன்று காலை கொல்லைப்புறத்தில் நின்று நான் அழுததை அம்மா இன்றும் சொல்வார்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நன்றாகவே போயின. நன்றாக இருந்ததுதான் நான் தவறு செய்யவும் காரணமாயிற்று. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துகிறோம், இதையும் அப்படி நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் கோடை விடுமுறையில் வந்தது. மருந்துக்கடையில் மருத்துவச் சீட்டை நீட்டும்போதெல்லாம் தெரிந்தவர் யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று பார்க்கும் கூச்சமும் அதற்குத் துணை நின்றது. மருத்துவரிடம் கேட்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு வாரங்கள் சாப்பிட்டுவிட்டு முற்றிலும் விட்டுவிட்டேன். படிப்படியாகக் குறைப்பதாகத்தான் நான் நம்பினேன்.

வகுப்பில் தலை சுற்றிய அன்று மாலை அம்மா என் முகத்தைப் பார்த்தவுடன், “வெறும் வயித்தோட ஓடுறியே, பித்தம் தலைக்கு ஏறியிருக்கும்மா” என்று சொல்லி இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்துத் தேன் கலந்து கொடுத்தார். குமட்டல் சற்று அடங்கியது, சுற்றல் அடங்கவில்லை. படுக்கையில் புரண்டு படுத்தாலும் அந்த ‘விர்’ வந்தது. மின்விசிறியைப் பார்க்க முடியவில்லை. சின்னச் சொல்லுக்கெல்லாம் கண்ணில் நீர் கட்டியது. இவை எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது, நோய் திரும்பிவிட்டது என்ற அச்சம்தான். அந்த அச்சத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள, நெஞ்சு அடித்துக்கொண்டதால் மூச்சு வேகமாக, மூச்சு வேகமானதால் தலை இன்னும் கிறுகிறுக்க, மூன்றாண்டுகளுக்கு முந்தைய இரவு இரண்டு மணிக்கே நான் திரும்பிப் போய்விட்டேன். வாழ்நாள் முழுவதும் இந்த மாத்திரையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் போலும் என்று அன்றிரவு முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் என்னைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்தார். இரத்தத்தில் சோடியத்தின் அளவையும் இரத்தசோகை உள்ளதா என்பதையும் பார்க்கச் சொன்னார். இவ்வகை மருந்துகள் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, சோடியத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதையும், அதனாலும் தலை சுற்றலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மாத்திரை சாப்பிட்ட விவரத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. “நோய் திரும்பல. மருந்து விட்டுப் போறப்ப உடம்பு தடுமாறுது, அவ்வளவுதான்” என்றார். மீண்டும் 10 மில்லிகிராம் தொடங்கச் சொன்னார். மூன்றாம் நாள் மாலைக்குள் ‘விர்’ நின்றுவிட்டது.

நான் கணக்கு ஆசிரியை என்பதால், நடந்ததைக் கணக்காகப் பார்த்தபோதுதான் மனம் ஒப்பியது. எஸ்சிடலோபிராமின் அரைவாழ்வுக் காலம், அதாவது உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய 30 மணி நேரம். தினமும் சாப்பிட்டால் மறுநாள் மாத்திரைக்குள் உடலில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல் எஞ்சியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 48 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சும். அப்புறம் திடீரென்று ஒரு முழு மாத்திரை போய்ச் சேரும். குறைத்ததாக நான் எண்ணிய இரண்டு வாரங்களும் உடலை ஏற்றியும் இறக்கியும் ஊஞ்சலாட்டியிருக்கிறேன். முற்றிலும் விட்டபின் ஐந்து அரைவாழ்வுக் காலம், அதாவது ஆறேகால் நாள் ஆகும்போது நூற்றில் மூன்று பங்குதான் மிஞ்சியிருக்கும். கரும்பலகை முன் நான் தடுமாறிய நாளைத் திரும்பிப் பார்த்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. வென்லாஃபாக்சின், பராக்செடின் போன்றவை இதைவிட விரைவாக உடலைவிட்டு நீங்குவதால் அவற்றை நிறுத்துவோருக்கு இந்தத் தொல்லை அதிகம் என்றும், ஃபுளுவாக்செடின் மிக மெதுவாக நீங்குவதால் பொதுவாகக் குறைவு என்றும் மருத்துவர் சொன்னார். நடக்கும்போதும் திரும்பும்போதும் நிலைகுலையாமல் உடலைப் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டுப் பகுதிகளிலும், இம்மருந்து கூட்டும் செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வேலை செய்கிறது. அது குறையும்போது தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்; கண்களைப் பக்கவாட்டில் திருப்பும்போது அந்த மின்னதிர்வு போன்ற உணர்வு கூடுகிறது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். பலகையிலிருந்து வகுப்புப் பக்கம் திரும்பிய நொடியில் எனக்கு நேர்ந்ததும் அதுவே.

அதைவிட என் கண்ணைத் திறந்தது ஒரு வளைகோடு. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் எழுதிய கட்டுரையின் சாரத்தை மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். எஸ்சிடலோபிராமின் மூல மருந்தான சிடலோபிராம் 20 மில்லிகிராம் சாப்பிடும்போது மூளையில் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு மருந்தால் அடைபட்டிருக்கும். அதை 9 மில்லிகிராமாகக் குறைத்தாலும் 70 விழுக்காடு அடைபட்டே இருக்கும். மூன்றரை மில்லிகிராமுக்கு வந்தாலும் பாதி இருக்கும். அதற்குக் கீழேதான் கோடு செங்குத்தாக விழுகிறது. மேலே பாதி மாத்திரையைக் குறைப்பது ஒரு படி இறங்குவது என்றால், கீழே கால் மாத்திரையைக் குறைப்பது மாடியிலிருந்து குதிப்பதற்கு நிகர். நேர்க்கோடும் வளைகோடும் வேறு என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நான், என் உடம்பு விஷயத்தில் நேர்க்கோட்டை நம்பியிருந்தேன்.

இந்தத் தொல்லை எல்லாருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் அதே இதழில் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு அறிகுறி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு வந்தது. அப்படியானால், மருந்தினாலேயே அவதிப்படுவோர் ஆறேழு பேரில் ஒருவர். கடுமையாக அவதிப்படுவோர் இன்னும் குறைவு. அந்த ஒருவராக இருந்து பார்த்தவள் என்பதால், இது மனப்பிரமை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. அதேபோல, எதிர்பார்ப்பும் அச்சமும் இதில் பங்கு வகிக்கின்றன என்பதையும் அந்த 17 விழுக்காடு எனக்கு நேர்மையாகச் சொல்கிறது.

நோய் திரும்புவதையும் மருந்து விலகும் தடுமாற்றத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று தெரிந்தபின் பாதி பயம் போய்விட்டது. அளவைக் குறைத்த சில நாள்களிலேயே தொடங்குவது பெரும்பாலும் தடுமாற்றம். நோய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத்தான் தலைகாட்டும். என் பழைய நோயில் இரவு விழிப்பும் நெஞ்சுப் படபடப்பும் இருந்தனவே ஒழியத் தலைக்குள் மின்னதிர்வு ஒருபோதும் இருந்ததில்லை. மருந்தைத் திரும்பச் சாப்பிட்ட இரண்டு மூன்று நாள்களில் அது அடங்கிவிட்டதும் ஒரு சான்று. நோயாக இருந்திருந்தால் முதல் தடவை போல ஐந்து வாரம் பிடித்திருக்கும்.

2024 செப்டம்பரில் மருத்துவர் சொல்லி 7.5 மில்லிகிராமுக்கு இறங்கினேன். ஒரு 5 மில்லிகிராம் மாத்திரையும் இன்னொன்றில் பாதியும். காய்கறிக் கத்தியால் வெட்டியபோது நொறுங்கிச் சமையல் மேடையில் மாவாகச் சிந்தியது. மாத்திரை வெட்டும் சிறு பெட்டி ஒன்றை வாங்கிவந்தபின் பாதி பாதியாகவே விழுகிறது. எல்லா மாத்திரைகளையும் இப்படி வெட்டக்கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றை வெட்டினால் கெடுதல். நவம்பரில் 5 மில்லிகிராம். பொதுத் தேர்வு முடியும்வரை அதிலேயே நின்றுகொள்வது என்று நானும் மருத்துவரும் முடிவு செய்தோம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தலை சுற்றுவதற்கு ஆசிரியர்களுக்கு நேரம் கிடையாது.

2025 மே மாதம் 2.5 மில்லிகிராமுக்கு இறங்கினேன். நான்காம் நாள் ‘விர்’ திரும்ப வந்தது. வளைகோட்டின் செங்குத்தான பகுதிக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்திருந்தும் அன்று மனம் உடைந்துதான் போயிற்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொன்னபோது, பாதியோடு கால் மாத்திரையையும் சேர்த்து 3.75 ஆக்கச் சொன்னார். இறங்கிவிட்டு ஏறுவது தோல்வி என்று எனக்குப் பட்டது. “இறங்க முடியாத இடத்துல நின்னு மூச்சு வாங்கிட்டு இறங்குறதுல என்னம்மா தோல்வி?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் பலநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரங்களில் நான் செய்தவை சிறியவைதாம். தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்தபின் அதன் பின்புறத்தில் அன்றைய சுற்றலுக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போட்டு டப்பாவில் சேர்த்தேன். இரண்டு வாரத் தாள்களைப் பரப்பிப் பார்த்தபோது ஆறு, ஏழு, ஐந்து, ஆறு, நான்கு, ஐந்து, மூன்று என்று எண்கள் ஏறி இறங்கி இறங்குவது தெரிந்தது. ஏழு போட்ட நாளில் அமர்ந்து உலகமே முடிந்தது என்று எண்ணியவளுக்கு அந்தத் தாள்கள் ஆறுதல். பள்ளிக்கு ஸ்கூட்டியை எடுக்காமல் நகரப் பேருந்தில் போனேன். பலகையிலிருந்து திரும்பும்போது கண்ணை மட்டும் வெட்டித் திருப்பாமல் தோளோடு சேர்த்து உடம்பையே மெதுவாகத் திருப்பப் பழகினேன். காலையில் இட்லி இல்லாமல் மாத்திரை இல்லை என்று வைத்துக்கொண்டேன். பதற்றம் கிளம்பினால், நான்கு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து ஆறு எண்ணி வெளியே விட்டேன். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் கிறுகிறுப்பு கூடுகிறது. வெளிவிடும் மூச்சை நீட்டினால் அந்தப் பகுதிச் சுற்றலாவது அடங்கும். மருந்தால் வரும் ‘விர்’ அதற்கு அடங்காது. ஆனால் அதன்மேல் அச்சம் ஏற்றிவைக்கும் சுமை இறங்கிவிடும். பழைய குளோனசெபாம் அட்டையில் மீந்திருந்த நான்கு மாத்திரைகளின் மேல் இரண்டு முறை கை போனது உண்மை. அதுவே தள்ளாட்டத்தைத் தரக்கூடியது, பழகினால் விடுவது இதைவிடக் கடினம் என்று தெரிந்ததால் அவற்றை மருத்துவரிடமே கொடுத்துவிட்டேன்.

இரவில் மருத்துவரை அழைக்க முடியாத நேரத்தில் ஒருமுறை 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவசச் சேவை; தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் அணுவளவு எட்டிப் பார்த்தாலும், மயங்கி விழுந்தாலும், காலையாகட்டும் என்று காத்திராமல் உடனே உதவி தேடுங்கள். அதைத் தலைசுற்றல் கணக்கில் சேர்க்கவே கூடாது. நான் எழுதியுள்ள அளவுகள் எனக்கு, என் மருத்துவர் பார்த்துப் பார்த்து வைத்தவை. உங்களுடைய படிகள் இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம்.

தலைமை ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னபோது அவர் மறுபேச்சில்லாமல் என் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தந்தார். அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “இந்தச் சனியனை ஆரம்பிச்சதே தப்பு” என்று முதலில் கோபப்பட்டார். அந்த ஐந்தாம் வாரக் காலையை நினைவுபடுத்தியபின் பேசாமல் இருந்தார்.

செப்டம்பரில் மறுபடி 2.5க்கு இறங்கினேன். இம்முறை ஐந்துக்கு மேல் ஒருநாளும் மதிப்பெண் போகவில்லை. தை பிறந்தபின் அடுத்த படியைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது அம்மாதான். இட்லித் தட்டை வைத்துவிட்டு, கிழித்த தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி, “நேத்து எத்தனை?” என்று கேட்கிறார்.