வயிறு இறுகும்போது

பிப்ரவரி 9, 29ஆம் வாரம்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வயிறு சட்டென்று இறுகியது. வலி துளியும் இல்லை. கை வைத்துப் பார்த்தேன். குழந்தை புரண்டால் ஏதோ ஒரு பக்கம்தான் புடைக்கும். இது மேலிருந்து அடிவரை முழு வயிறும் கெட்டிப்பட்டு, விரலால் அழுத்தினால் நெற்றியைத் தொடுவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகத் தளர்ந்துவிட்டது.

பிப்ரவரி 12

செக்கப்பில் சொன்னேன். பொய்வலிதான், கருப்பைத் தசை இப்படி அவ்வப்போது சுருங்கித் தளரும் என்றார் டாக்டர். 1872இல் இதை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரில்தான் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறதாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். 37 வாரம் முடியுமுன் இந்த இறுக்கம் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால், வலிக்காவிட்டாலும் உடனே வர வேண்டும். அடிவயிற்றில் கனம், விட்டுவிட்டு வரும் முதுகுவலி, மாதவிடாய் போன்ற இழுப்பு, இவையும் கருப்பை சுருங்குவதாக இருக்கலாம். கர்ப்பமாக இருக்கும் ஒவ்வொருத்தியிடமும் இதைச் சொல்ல வேண்டும். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே எல்லோரும் காத்திருக்கிறோம்?

மார்ச் 3, 32ஆம் வாரம்

பகலெல்லாம் அலைச்சல். ராத்திரி அடுத்தடுத்து இறுகியது. பாத்ரூம் போய்விட்டு வந்து, தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுத்தேன். இடைவெளி கூடிக்கூடி நின்றேபோனது. நிற்காவிட்டால் போன் செய்யத் தயாராக இருந்தேன்.

ஏப்ரல் 21, 39ஆம் வாரம்

விடியற்காலையிலிருந்து இடுப்பில் பிடித்து முன்பக்கம் சுற்றி வருகிறது. நடந்தாலும் படுத்தாலும் விடவில்லை. ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எவ்வளவு நேரம் என்று என் கணவர் குறித்துக்கொண்டே வருகிறார். 12 நிமிடம், 10, மறுபடி 10, 7. வலி ஏறும்போது வயிறு கல்லாகிறது, பேச வாய் வரவில்லை. இறங்கியதும் சாதாரணமாகப் பேசுகிறேன். சிலருக்கு மொத்த வலியும் முதுகிலேயே நிற்கும், அப்போதும் வயிற்றில் கை வைத்தால் இறுக்கம் தெரியும்.

மதியம்

5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம். ஒரு மணி நேரமாக இப்படியே. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். பனிக்குடம் உடைந்ததா, ரத்தம் படுகிறதா, குழந்தை அசைகிறதா என்று நர்ஸ் கேட்டார். நீர் இன்னும் போகவில்லை, சளிபோல் லேசான ரத்தக்கசிவு மட்டும், அசைவு நன்றாக இருக்கிறது என்றேன். வரச் சொல்லிவிட்டார். கிளம்புகிறோம்.