சாயப்பட்டறையின் ஜாவா 8ஐக் கைவிடாமல் ஜாவா 21க்கு மாறிய அனுபவம்

திருப்பூர் வீரபாண்டி, முருகம்பாளையம் பகுதிகளிலும் பெருந்துறை சிப்காட்டிலும் இயங்கும் சில சாயப்பட்டறைகளுக்கு லாட் (ஒரே தொகுதியாகச் சாயமேற்றும் துணி) கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறிய குழு எங்களுடையது. அலுவலகம் கோவை பீளமேட்டில் இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் சாயமேற்ற) வரும் கிரே துணியை (சாயமேற்றாத துணியை) எடைபோட்டு லாட் எண் கொடுப்பது முதல் டெலிவரி சலான் அச்சடிப்பது வரை எடை அறைக் கணினியில் நடக்கும். பில்லும் இ-இன்வாய்ஸும் (ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின் பில்) தலைமை அலுவலக சர்வரில் போடப்படும். சர்வரை நாங்கள் விரும்பியபடி புதுப்பித்துக்கொள்ளலாம். எடை அறையில் அது நடவாது. அங்குள்ள கணினிகளில் பெரும்பாலானவை 32 பிட் விண்டோஸ் 7இல், ஜாவா நிரல்மொழியின் பழைய 8ஆம் பதிப்பில் (ஜாவா 8) ஓடுகின்றன. தராசு ஒன்பது முள் சீரியல் போர்ட் வழியாக இணைந்திருக்கிறது. அந்தத் தராசுக்கென்று கிடைத்த டிரைவர் நூலகம் (தராசோடு பேசும் நிரல் தொகுப்பு) 32 பிட்டில் மட்டுமே உள்ளது. 64 பிட் ஜாவா அதை ஏற்றாது. எனவே "64 பிட் புதிய ஜாவாவுக்கு மாறுங்கள்" என்று சொன்னால், கணினியையும் தராசின் இணைப்பையும் சேர்த்தே மாற்றுங்கள் என்று பொருள். "நல்லா ஓடீட்டு இருக்கறதை எதுக்குங்க மாத்தோணும்?" என்று ஒரு பட்டறை உரிமையாளர் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். எங்களுடைய கருவிகள் பழசாகிவிட்டன என்பதற்காக அவர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் பக்கத்து நெருக்கடியும் உண்மையானது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானதால், சர்வர் பகுதியில் தொடர்ந்து வேலை இருந்தது. அதற்கு நாங்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் 2.7 வரிசைக்கான இலவசப் பராமரிப்பு 2023 நவம்பரில் முடிந்தது. அடுத்த 3ஆம் வரிசைக்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸ் 2022 செப்டம்பர் வெளியீடு முதலே ஜாவா 17 இல்லாமல் திறப்பதில்லை. ஆக, ஒரே கணினியில் உட்கார்ந்து சர்வரையும் எடை அறை மென்பொருளையும் எழுதுகிறவர்களுக்குப் பழைய கருவியோடு காலம் தள்ளுவது இயலாமல் போனது.

நிரலை இரண்டாகப் பிரித்து, எடை அறைக்கான கிளையை அப்படியே நிறுத்திவிட்டுச் சர்வரை மட்டும் முன்னே கொண்டு செல்லலாம் என்ற யோசனை முதலில் வந்தது. அதை நான் எதிர்த்தேன். லாட்டின் எடை, ரோல்களின் எண்ணிக்கை, சேதாரம் ஆகியவற்றைக் கணக்கிடும் பகுதி இரண்டுக்கும் பொது. இரு கிளைகளாக்கினால் ஒவ்வொரு திருத்தத்தையும் இரு இடங்களில் செய்ய வேண்டியிருக்கும், ஏதேனும் ஒரு நாள் அவை வேறுபட்டே தீரும். சாயப்பட்டறையில் எடை என்பது வெறும் பில் விஷயம் அன்று. மூன்று சதவீத ஷேடு (துணி எடையில் மூன்று சதவீதம் சாயம்) என்றால் 300 கிலோ லாட்டுக்கு 9 கிலோ சாயம். எடையில் பத்து கிலோ பிசகினால் சாயத்தில் 300 கிராம் பிசகும், லாட் முழுவதும் நிறம் மாறிவிடும். ஆகவே நிரல் ஒன்றாகவே இருக்கட்டும், பொதுப் பகுதியும் எடை அறைப் பகுதியும் ஜாவா 8க்கும், சர்வர் பகுதி மட்டும் ஜாவா 17க்கும் கம்பைல் ஆகட்டும் (இயங்கும் வடிவமாக மாறட்டும்), எல்லாவற்றையும் கம்பைல் செய்யும் கருவி ஜேடிகே 21ஆக (ஜாவா 21இன் உருவாக்கக் கருவித் தொகுப்பாக) இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் பலர் செய்வது, கம்பைலருக்கு "சோர்ஸ் 8, டார்கெட் 8" என்று மட்டும் கொடுப்பது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாங்களும் முதலில் அப்படி ஒரு பில்டு (கம்பைல் செய்து தொகுத்த மென்பொருள்) எடுத்தோம். பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பாத் (பழைய ஜாவாவின் நூலகம் இருக்கும் இடம்) குறிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையுடன் பில்டு முடிந்தது. ஜாவா 8இல் மென்பொருளும் திறந்தது. திரைகள் எல்லாம் சரியாக வந்தன. தராசில் துணி ரோலை வைத்து எடையை எடுக்கும்படி சொன்னதும், "நோ சச் மெத்தட் எர்ரர்" (அப்படி ஒரு செயல்முறை இல்லை) என்று நின்றுவிட்டது. காரணம் நுட்பமானது. தராசிலிருந்து வரும் பைட்டுகளைப் பைட்பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் வாங்கி, அதைப் படிக்கும் நிலைக்கு மாற்றும் "ஃபிளிப்" அழைத்துப் படிக்கிறோம். ஜாவா 8இல் ஃபிளிப், பஃபர் என்ற தாய் வகுப்பில் மட்டும் உள்ளது. ஜாவா 9இல் பைட்பஃபருக்கென்று தனியாக ஒரு ஃபிளிப் சேர்க்கப்பட்டது. புதிய ஜேடிகேயின் நூலகத்தைப் பார்த்துக் கம்பைல் செய்த நிரல், பழைய ஜாவாவில் இல்லாத அந்தப் புதிய ஃபிளிப்பைத் தேடுகிறது. மூல நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதால் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

ஜாவா 9 முதல் உள்ள "ரிலீஸ்" என்ற தேர்வு இதற்கான சரியான தீர்வு. ரிலீஸ் 8 என்று கொடுத்தால், மொழியின் இலக்கணத்தையும் கிளாஸ் கோப்பின் (கம்பைல் ஆகிக் கிடைக்கும் கோப்பின்) பதிப்பையும் மட்டுமல்லாமல், நூலகத்தில் அன்று என்னென்ன இருந்தன என்பதையும் கம்பைலர் ஜாவா 8இன் கண்ணால் பார்க்கிறது. அதன்பின் குழுவில் யாராவது பொதுப் பகுதியில் பழக்கத்தில், ஜாவா 8இல் இல்லாத "லிஸ்ட்.ஆஃப்" என்றோ "இஸ்பிளாங்க்" என்றோ எழுதினால் அந்த இடத்திலேயே பிழை வந்துவிடுகிறது.

ஆனால் நாம் எழுதும் நிரலுக்கு மட்டுமே இந்தக் காவல். துணை நூலகங்களின் ஜார் கோப்புகள் (கிளாஸ் கோப்புகளைக் கட்டிய பொதிகள்) எந்த ஜாவாவுக்காகக் கம்பைல் செய்யப்பட்டவை என்பதை அந்தத் தேர்வு கவனிப்பதில்லை. கிளாஸ் கோப்பு ஒவ்வொன்றின் 7, 8ஆம் பைட்டுகளில் பதிப்பு எண் இருக்கும்: ஜாவா 8க்கு 52, ஜாவா 11க்கு 55, ஜாவா 17க்கு 61. எடை அறைக்குப் போகும் ஜார் அனைத்தையும் திறந்து, 52க்கு மேல் எதையாவது கண்டால் பில்டை நிறுத்தும் ஒரு சிறு படியைச் சேர்த்தோம். (ஒரே ஜாரில் பல பதிப்புகளை வைக்கும் வழக்கம் ஜாவா 9இல் வந்ததால், அதற்கான தனிக் கோப்புறையை விலக்க வேண்டும்.) சோதனைக்கான மொக்கிட்டோ நூலகத்தின் 5ஆம் வரிசைக்கு ஜாவா 11 வேண்டும் என்பதால், அந்தப் பகுதிகளில் 4ஆம் வரிசையிலேயே நின்றோம்.

பில்டு கருவியான கிரேடிலில், எந்த வேலைக்கு எந்த ஜாவா என்று குறிக்கும் டூல்செயின் வசதியால், கம்பைல் செய்வது ஜேடிகே 21, சோதனைகளை ஓட்டுவது ஜாவா 8 என்று பிரிப்பது எளிதாகவே முடிந்தது. எஞ்சியிருந்த சிக்கலை எந்தத் தேர்வும் பிடிக்கவில்லை. சலான் விவரங்களைக் கோப்பில் எழுதும் புதிய பகுதி, எங்கள் கணினிகளில் பார்ட்டி பெயர்களைத் தமிழில் அழகாகக் காட்டியது. விண்டோஸ் 7 கணினியில் அதே பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்தன. ஜாவா 18 முதல், எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறிமுறை எதையும் சொல்லாவிட்டால், தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8. ஜாவா 8இலோ விண்டோஸின் குறிமுறை எதுவோ அதுவே, அதில் தமிழுக்கு இடமில்லை. கோப்பில் எழுதும் ஃபைல்ரைட்டருக்குக் குறிமுறையைக் கொடுக்கும் வசதியே ஜாவா 11இல்தான் வந்தது. ஆகவே ஜாவா 8க்கு அவுட்புட்ஸ்ட்ரீம்ரைட்டரைக் கொண்டு, யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுத வேண்டும். லினக்ஸில் ஜாவா 8ஐ வைத்துச் சோதித்திருந்தாலும் பெரும்பாலும் இது தெரிந்திருக்காது, ஏனெனில் அங்கு வழக்கமாக யூடிஎஃப்-8 இருக்கும். பெயர் கேள்விக்குறியாக அச்சான சலானை வைத்துக்கொண்டு வண்டியில் துணி ஏற்றுகிறவர் என்ன செய்வார் என்பதை நினைத்துப் பார்த்தால், பழைய பதிப்பை ஆதரிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் அந்தப் பழைய கணினியையே அருகில் வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. ஒரு பட்டறையில் ஒதுக்கிவைத்திருந்த கணினியை வாங்கி வந்து, அதே வகைத் தராசு ஒன்றுடன் அலுவலகத்தில் நிரந்தரமாக வைத்திருக்கிறோம்; உண்மையான எடை ஒன்றை எடுத்து, தமிழ்ப் பெயருடன் ஒரு சலானை அச்சடிக்காமல் எந்த வெளியீடும் இப்போது வெளியே போவதில்லை.

முதலில் பெருந்துறையில் ஒரே ஒரு பட்டறையில், எடை அறை ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் நிறுவினோம். பழைய பதிப்பும் புதியதும் தனித்தனிக் கோப்புறைகளில் இருந்தன. திரையில் உள்ள குறுக்கு வழிச் சின்னத்தை மாற்றினால் பழையதற்குத் திரும்பிவிடலாம் என்பதை எடை போடுகிறவருக்கே செய்து காட்டினோம். அங்கு திருப்தியான பிறகே மற்ற பட்டறைகளுக்குச் சென்றோம்.

ஜேடிகே 21, ரிலீஸ் 8 காலாவதியானது, வருங்கால வெளியீடொன்றில் நீக்கப்படும் என்று ஒவ்வொரு பில்டிலும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மறைக்காமல் விட்டிருக்கிறோம். அது நீக்கப்படும் நாளில் எடை அறைப் பகுதிக்கு மட்டும் ஜேடிகே 21ஐ டூல்செயினில் நிறுத்திவைத்து, மற்றதை மேலே கொண்டு செல்லலாம். பட்டறைகளுக்கும் எழுத்திலேயே தெரிவித்திருக்கிறோம்: இப்போதுள்ள கணினியும் தராசும் உழைக்கும் வரை உழைக்கட்டும், அடுத்த தராசு வாங்கும்போது 64 பிட் டிரைவர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.