சும்மாதான் கூப்பிட்டேன், சேர்

லீவில் வல்வெட்டித்துறையில் நிற்கும்போது யாராவது “தம்பி, என்ன செய்யிறீர்?” என்று கேட்டால், “நேவி” என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு நினைவுகள் இருக்கின்றன. “கப்பல், சாமான் ஏத்திற கப்பல்” என்பேன். உடனே முகம் மாறும். அன்னபூரணி கதை தொடங்கும். இங்கே கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன கப்பல். அதில் போனவர்கள் எல்லாருக்கும் சொந்தக்காரர்தான், கேட்டுப் பாருங்கள்.

கடெற்றாக, அதாவது பயிலுநராகச் சேர்ந்து மூன்றாம் அதிகாரி, அதாவது தேர்ட் மேற் ஆனது எப்படி என்று ஏ.எல். முடித்த பெடியங்கள் சிலர் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

கடதாசி வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் 12 மாதக் கடற்சேவை வேண்டும். அதில் குறைந்தது 6 மாதம் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், ஒரு அதிகாரியின் கண்காணிப்பில் வோட்ச் (காவல்முறை) பார்த்திருக்க வேண்டும். திட்டத்தில் சேராவிட்டால் 36 மாதம். கண் பரிசோதனையில் நிறம் பிரித்துத் தெரியாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, அதை முதலில் செய்யுங்கள். பிறகு பாதுகாப்புக் கோர்ஸுகள், ரேடியோ லைசென்ஸ். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பயிற்சிப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தை வேலை செய்த அன்றே வாங்குங்கள். எனக்கு இரண்டு வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி, நான் “நாளைக்கு” என்று இருந்த கிழமையில் இறங்கிப் போய்விட்டார். அடுத்த கப்பலில் அதே இரண்டையும் முதலிலிருந்து செய்தேன்.

வாய்மொழிப் பரீட்சையில் முதல் தடவை நான் பெயில். எட்டே நிமிடம். “மூடுபனி. ராடாரில் மட்டும் ஒரு கப்பல், உமது வலப்பக்கம் முன்னால். என்ன செய்வீர்?” நான் துணிந்து, “வலப்பக்கம் நிற்கிறபடியால் நான்தான் சேர் வழிவிட வேண்டும்” என்றேன். கப்பல்கள் மோதாமலிருக்க உள்ள விதிகளில் 15ஆம் விதி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கப்பலுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே 19ஆம் விதி, வழிவிடுபவர் தொடர்ந்து போபவர் என்ற பேச்சே கிடையாது. சேர் பேனையை மூடினார். நான் கோப்பை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன்.

அடுத்த இரண்டு மாதம் தங்கச்சிதான் என் பரீட்சகர். இரண்டு டோர்ச், டொபித் தாள். முற்றத்தில் இருட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடிப்பாள். வெள்ளைக்கு மேல் சிவப்பு என்றால் மீன்பிடிப் படகு. வெள்ளைக்கு மேல் பச்சை, இழுவை வலை போடுபவன். சிவப்புக்கு மேல் வெள்ளை, துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட். இரண்டும் சிவப்பு, கட்டுப்பாடு இழந்த கப்பல். அவள் மாற்றிப் பிடித்துவிட்டு என்னையே பிழை என்பாள். அம்மா குசினியிலிருந்து, “அதைப் பிடிச்சுப் பிடிச்சு பற்றறி முடியுது” என்று கத்துவார். இரண்டாம் தடவை பாஸ்.

அந்தப் பரீட்சையில் சேர் கடைசியாகக் கேட்டது விதியைப் பற்றி அல்ல. “சுக்கான் பிடிக்கிறவருக்கு உம்முடைய அப்பாவின் வயது. நீர் சொன்னதைச் செய்யவில்லை. என்ன செய்வீர்?” 2010இல் மணிலாவில் கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சி விதிகளைத் திருத்தியபோது தலைமைத்துவமும் குழுவாக வேலை செய்வதும் இளநிலை அதிகாரிகளுக்கும் கட்டாயத் தகுதியாகின. எனவே கோர்ஸில் படித்த பதிலைச் சொன்னேன். “நல்லது” என்றார். அது படித்த பதில் என்று அவருக்கும் விளங்கியிருக்கும்.

பெரியாக்கள் முன்னால் வாய் திறக்காதே என்று வளர்த்த ஊர் எங்களுடையது. கப்பலில் எனக்குக் கிடைத்த சுக்கானி பிலிப்பீன்ஸ்காரர், 54 வயது, நான் பிறக்கும் முன்பே கடலுக்கு வந்தவர். முதல் கிழமை அவருக்கு நான் கட்டளை கொடுக்கவில்லை, கெஞ்சினேன். “கொஞ்சம் ஸ்டார்போட் (வலப்பக்கம்) போனால் நல்லதோ?” என்பதுபோல. அவர் ஒரு நாள் சிரித்துவிட்டு, “சேர், நம்பர் சொல்லுங்கோ” என்றார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கு “கூயா”. அவர்கள் மொழியில் அண்ணன். பிரிட்ஜில் “ஸ்டார்போட் டென்” என்றால் அவர் அதைத் திருப்பிச் சொல்லி, சுக்கான் பத்துப் பாகைக்கு வந்ததும் மறுபடி சொல்வார். அந்த இரண்டு திருப்பலுக்கு நடுவில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இது பழகியதும் நான் ஒரு அதிகாரி ஆகிவிட்டதாக நினைத்தேன்.

அப்புறம்தான் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே அந்த இரவு. கிழக்கே போய்க்கொண்டிருந்தோம், என் வோட்ச் இரவு 8 முதல் 12. வலப்பக்கத்திலிருந்து ஒரு கொள்கலன் கப்பல் வடக்கே ஏறி வந்தது. ராடார் கணக்கில் மிக நெருங்கும் தூரம் 0.4 கடல்மைல். ஒரு மைலுக்குக் குறைந்தால் என்னைக் கூப்பிடு என்று கப்டனின் நிலையான கட்டளைப் புத்தகத்தில் இருக்கிறது, கீழே என் கையெழுத்து. நான் வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அங்கே முன்னால் மங்கிய விளக்கோடு ஏழெட்டு மீன்பிடிப் படகுகள். கப்டன் துறைமுகத்தில் இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் அப்போதுதான் படுத்தவர். கொஞ்சம் பார்ப்போம் என்று நின்றேன். பன்னிரண்டு நிமிடம் நின்றிருக்கிறேன், பிறகு பதிவில் பார்த்தபோது தெரிந்தது. கூயாதான் இருட்டிலிருந்து மெதுவாக, “சேர், கப்டன்?” என்றார்.

கப்டன் கேரளத்துக்காரர். சாரத்தோடு ஏறி வந்தார், ஒரு தடவை வெளியே பார்த்தார், ஒரு தடவை ராடார். கையால் சுக்கான் பிடிக்கச் சொல்லிவிட்டு, படகுக் கூட்டம் முழுவதும் இடப்பக்கம் வரும்வரை வலப்பக்கம் பெரிதாகத் திருப்பினார். கொள்கலன் கப்பல் முன்னால் கடந்து போனது. ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் தேத்தண்ணி போடச் சொன்னார்.

பாதி குடித்துவிட்டு, “நாளையிலிருந்து மூன்று இரவு, பத்து மணிக்கு என்னைப் போனில் எழுப்பு” என்றார். என்ன விசயத்துக்கு என்று கேட்டேன். “விசயமே வேண்டாம்.”

இதைவிட வெட்கமான வேலை நான் செய்ததில்லை. பத்து மணி, வெறும் கடல், நிலவு. போனை எடுத்து, “சும்மாதான் கூப்பிட்டேன், சேர்” என்பேன். “குட்” என்று வைத்துவிடுவார். முதல் நாள் டயல் செய்ய நாலு நிமிடம் எடுத்தது. மூன்றாம் நாள் கூயா பின்னால் நின்று சிரிப்பை அடக்கியது கேட்டது.

நாலாம் இரவு 10.40க்கு முன்னால் ஒரு மழைத்திரை. ராடார் முழுக்கப் புள்ளி, அதற்குள் எது மழை எது படகு என்று பிரிக்க முடியவில்லை. போனை எடுத்தேன்.

“சும்மாவா?”

“இல்லை சேர்.”

படியில் செருப்புச் சத்தம் உடனே கேட்டது.