மூணாவது செல்

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். ஹாலில் மிச்சம் இருப்பது ஒரு ஃபேன், ஒரு பாய், ஒரு பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), அதிலிருந்து 12 வோல்ட் எடுக்கிற நீலப் பெட்டி. பையனோட ரிமோட் பிளேன் பேட்டரிக்கான சார்ஜர். மூணு செல் பேட்டரி பேக்கைச் செருகினேன். ஸ்கிரீனில் ஒவ்வொரு செல்லோட வோல்ட்: 4.15, 4.14, 4.09.

மறுபடியும் மூணாவது செல்.

மே 5, செவ்வாய்

புனே டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரலை.

மே 7, வியாழன்

ராத்திரி தூக்கம் வராம பேலன்ஸ் கனெக்டரோட (ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஒயர் வர்ற பிளக்) பின்பக்கம் மல்டிமீட்டர் ஊசியை வச்சு ஒவ்வொரு செல்லா அளந்தேன். 4.15. 4.15. 4.15. வேற பேக் எடுத்தேன். அதுலயும் மீட்டர்ல மூணும் சமம், சார்ஜர்ல மூணாவது மட்டும் கீழே. பேக் மாறினாலும் குறை அதே இடத்துல இருந்தா, குறை பேக்குல இல்ல.

நம்ம மீட்டர் ஒண்ணும் உசத்தி கிடையாது. அரை சதவீதம் முன்னப்பின்ன காட்டும்னு அதோட அட்டையிலேயே போட்டிருக்கு. நாலு வோல்ட்டுல அரை சதவீதம்னா இருபது மில்லிவோல்ட். அப்போ யார் சொல்றதை நம்பறது? இதையே மண்டைக்குள்ள ரொம்ப நேரம் உருட்டிட்டிருந்தேன். விடை சுலபம். நான் மூணு செல்லையும் ஒரே மீட்டர்ல, ஒரே ரேஞ்சுல, தனித்தனியா அளக்கறேன். மீட்டர் பொய் சொன்னாலும் மூணுக்கும் ஒரே பொய். மூணும் சமம்ங்கிறதுல சந்தேகமே இல்ல.

சார்ஜர் அப்படி அளக்கறதில்ல. எல்லாத்தையும் பேக்கோட நெகட்டிவ்ல இருந்துதான் அளக்குது. மூணாம் மாடியோட உயரம் வேணும்னா, தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் அளந்து, தரையிலிருந்து ரெண்டாம் மாடிக் கூரை வரைக்கும் அளந்து, கழிச்சுப் பார்க்கிற மாதிரி. மொத்த அளவுல வர்ற பிசகு முழுசும் மேல் மாடி கணக்குல விழும். மூணு செல் நிறைஞ்சா 12.6 வோல்ட். அதை ரெண்டு ரெசிஸ்டர் வச்சு நாலுல ஒரு பங்கா இறக்கித்தான் சிப்புக்குக் கொடுக்க முடியும். அங்கே ஒரு சதவீதம் பிசகினா 126 மில்லிவோல்ட். ஆறு செல் பேக்கா இருந்தா 252. பாவம் பண்ணினது ரெசிஸ்டர், பழி செல் மேல.

இத்தோட போனா பரவாயில்ல. மூணாவது செல் பசியா இருக்குன்னு நம்பி, சார்ஜர் ஒண்ணாவதையும் ரெண்டாவதையும் பேலன்ஸ் ரெசிஸ்டர் வழியா வடிச்சுவிட்டுட்டு, மூணாவதுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கு. எல்லாம் 4.20ன்னு ஸ்கிரீன்ல காட்டி ஃபுல்னு கத்தும்போது மீட்டர்ல மூணாவது 4.26. லிப்போவுக்கு, அதாவது இந்த லித்தியம் பாலிமர் செல்லுக்கு, வரம்பு 4.20. முன்னாடியே உப்பிப்போன பேக் ஒண்ணு இருக்கு. அதுல உப்பியிருக்கறது எந்தப் பக்கத்துச் செல்லுன்னு இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு ஒயர் பக்கம். மேல் செல்.

மணி ரெண்டே கால்.

மே 8, வெள்ளி

போன்ல சுதா: "ஏங்க, அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்களேன். சாமான் கட்டுற நேரத்துல எதுக்கு இது?"

என்னத்த சொல்ல. புதுசுன்னு வர்றதும் இதேதான். நகலோட நகல். மேல் ஸ்டிக்கர் மாறும், உள்ளே இதே போர்டு. பெட்டி அலுமினியம், பட்டன் நாலு, எழுத்து நீலம், எல்லாம் கச்சிதம். அளக்கிற இடத்துல மட்டும் அஞ்சு பைசா மிச்சம் பிடிச்சிருக்கான். இதை கரண்ட் கொடுக்கிற பெட்டின்னு நினைச்சுப் பண்ணியிருக்காங்க. கரண்ட் கொடுக்க எந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் போதும். எப்போ நிறுத்தணும்னு தெரியறதுதான் சார்ஜர். அது அளவுக்கருவி வேலை.

பையன் போனைப் பிடுங்கி, "பிளேன் எப்பப்பா கொண்டு வருவ?"

புனேல மழைக்கு இன்னும் நாள் இருக்கு.

மே 10, ஞாயிறு

திறந்தாச்சு. ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன ஸ்க்ரூ, அதுல ஒண்ணு தலை தேஞ்சு சுத்திக்கிட்டே இருந்துச்சு, ரப்பர் பேண்டு வச்சு அமுக்கித் திருகினதும் விட்டுது.

உள்ளே பெரிய சிப்போட தலையில எழுத்தே இல்ல. சுரண்டி எடுத்திருக்கான். சாய்ச்சு வெளிச்சத்துல பார்த்தா கோடு கோடா தேய்ச்ச தடம். கால்களை ஊசி முனையால எண்ணினேன், 44. அப்போ ஏடிமெகா32 ஆகத்தான் இருக்கணும். பின்னாடி வந்த மலிவு போர்டுகள்ல 48 கால் இருக்கிற நூவோட்டான் சிப் வருது. சுரண்டுறதுக்கு ஒரு ஆளை உட்கார வச்சு கூலி கொடுக்க முடியுது, போர்டு கழுவ ஆள் இல்ல. போர்டு பூரா சாலிடர் பண்ணினப்போ மிஞ்சின பழுப்புப் பிசின். தொட்டா விரல்ல ஒட்டுது.

வெப்பம் பார்க்கிற சென்சாருக்கு பக்கவாட்டுல ஒரு துளை இருக்கு. சென்சார் டப்பாவுல வரலை. மெனுவுல மட்டும் வெப்பநிலை வரம்பு வச்சுக்கலாம். எதை வச்சு அளக்கும்? கேக்காதீங்க. ஹாலே அடுப்பா இருக்கு.

மே 11, திங்கள்

ஓனர் வந்து சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் எண்ணிட்டுப் போனார்.

மே 13, புதன்

லாரிக்காரங்க பேட்டரி ஏத்த மாட்டாங்களாம். சரி, விமானத்துல கையோட எடுத்துட்டுப் போகலாம். 11.1 வோல்ட், 2200 எம்ஏஎச் (2.2 ஆம்பியர் அவர்), பெருக்கினா 24 வாட் அவர் சொச்சம். 100 வரைக்கும் கைப்பையில விடுவாங்க, செக்-இன் பெட்டியிலதான் உதிரி லித்தியம் கூடாது. முனையை டேப் ஒட்டி ஒவ்வொண்ணையும் தனி உறையில போடணும்.

ஆனா நிறைஞ்ச பேக்கை வாரக்கணக்குல அப்படியே வைக்கக்கூடாது. செல்லுக்கு 3.8, 3.85க்கு இறக்கி வைக்கணும். அதுக்குன்னு "ஸ்டோரேஜ்"னு ஒரு மெனுவே இருக்கு. இருந்து? இந்தப் பெட்டி ஏத்தறப்போ 50 வாட், இறக்கறப்போ 5 வாட். ஒரு பேக்குக்குப் பாதி சக்தி இறங்க ரெண்டரை மணி நேரம். அந்த அஞ்சு வாட்டையும் பெட்டிக்குள்ளேயே சூடாக்கி, அந்தச் சூட்டை வெளியேத்த ஒரு குட்டி விசிறி வச்சு அது கீச்சுக் கீச்சுன்னு கத்துது.

பழைய பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், பேக்குல மாட்டற எக்ஸ்டி60 கனெக்டர்ல சாலிடர் பண்ணினேன். ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. மீட்டரை வச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும், பல்புக்கு எங்கே நிறுத்தறதுன்னு தெரியாது. எனக்கு வேற என்ன வேலை?

மே 14, வியாழன்

ரிமோட்டுக்குள்ள இருக்கிற நிக்கல் செல்களைப் போட்டேன். அதுல 4.20 மாதிரி நிறுத்தக் கோடு கிடையாது. நிறைஞ்சதும் வோல்ட்டேஜ் ஒரு துளி கீழே இறங்கும், செல்லுக்கு சில மில்லிவோல்ட். அந்தச் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்தணும். செல்லுக்கு நல்லதுன்னு நினைச்சு மெதுவா ஏத்தினா சரிவு இன்னும் சின்னதாகி கண்ணுக்கே தெரியாது. அளக்கத் தெரியாத பெட்டிகிட்ட இந்த வேலை. செல் கைசுடற அளவுக்குச் சூடானதும் நானே பிடுங்கினேன்.

இன்னொரு கூத்து: 120 நிமிஷ பாதுகாப்பு டைமர். லித்தியத்தை அரை ஆம்பியர்ல நிதானமா ஏத்தினா பாதியிலேயே "டைம் முடிஞ்சுது"ன்னு நிக்கும். மெனுவுக்குள்ள போய் மாத்தலாம், சரி. ஆனா பேக் நிறைஞ்சாலும் டைமர் நின்னாலும் ஒரே பீப். எழுந்து வந்து பார்த்தாத்தான் எதுன்னு தெரியும்.

ஆபீஸ்ல கேட்டேன். "ஃபைல் மேலே போயிருக்கு சார்." எந்த மேலே?

மே 16, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். சென்ட்ரல்ல இறங்கி நடந்தே போனேன், புத்தி கெட்டு. பத்து மணிக்கே தார் உருகுது.

0.1 சதவீத ரெசிஸ்டர் கேட்டேன். முதல் கடையில சிரிச்சார். ரெண்டாவது கடையில, "ஒன் பர்சன்ட்தான் ஓடும் சார், பாயின்ட் ஒன் யாரும் கேக்கறதில்ல, எந்த கம்பெனிக்கு?" எந்த கம்பெனி. வீட்டுல ஒரு ஃபேன் இருக்குன்னு சொல்லவா.

நியாயமா பார்த்தா ஒரு சதவீதமே போதும். தொழிற்சாலையில ஒவ்வொரு பெட்டியையும் நல்ல மீட்டரோட ஒப்பிட்டு, வித்தியாசத்தை சிப் நினைவுல எழுதி அனுப்பினா தீர்ந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு நிமிஷம். சுரண்டற நேரத்துல பண்ணியிருக்கலாம்.

கடைசியா 10 மெகாவோம் ரெசிஸ்டர்ல ஒரு துண்டுப் பட்டை வாங்கினேன், போர்டு கழுவ ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். கரும்பு ஜூஸ் ரெண்டு.

மே 17, ஞாயிறு

பழைய டூத் பிரஷ், ஐசோபுரோபைல். பேலன்ஸ் சாக்கெட் பின்னாடி வரிசையா நிக்கிற ரெசிஸ்டர்களைச் சுத்தி தேய்ச்சேன். பிசின் முதல்ல வெள்ளையா நுரைச்சு, அப்புறம் டீத்தண்ணி நிறத்துல வழிஞ்சுது. டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்து மறுபடி தேய்ச்சேன். ரெண்டு சாலிடர் புள்ளிக்கு நடுவுல, பல்லு இடுக்குல இருக்கிற மாதிரி ஒரு பழுப்புத் திட்டு, அது மட்டும் ஊசியால கிளறினாத்தான் வந்துச்சு. ஃபேனுக்கு அடியில காய வச்சு, பேக்கைச் செருகினேன்.

4.15, 4.14, 4.13.

ஒரு ரெசிஸ்டர் மாத்தலை! வெறும் அழுக்கு. அதாவது மெட்ராஸ் காத்துல இருக்கிற ஈரத்தை அந்தப் பிசின் குடிச்சுக்கிட்டு, ரெசிஸ்டருக்குப் பக்கத்துல இன்னொரு ரெசிஸ்டர் மாதிரி கரண்ட்டைக் கசிய விட்டிருக்கு. 40 மில்லிவோல்ட் அதுக்குப் போயிருக்கு. கழுவாம அனுப்பினதுக்கு ஒரு பேக் பலி.

சுதாகிட்ட சொன்னேன். "சாப்டீங்களா?"

மே 19, செவ்வாய்

மிச்சம் 20 மில்லிவோல்ட். மேல் ரெசிஸ்டர் 30 கிலோவோம், கீழ் 10. மேலேயிருக்கறதை ஒரு துளி குறைச்சா ரீடிங் ஏறும். கழட்டி மாத்தறதுக்கு என் அயர்ன் முனை ரொம்பத் தடி. அதனால 30 கிலோவோட முதுகு மேலேயே 10 மெகாவோமை ஏத்தி ரெண்டு பக்கமும் பத்த வைக்கலாம், இணையா. 30,000 வந்து 29,910 ஆகும். கணக்குப்படி 28 மில்லிவோல்ட் ஏறணும். தேவைக்குக் கொஞ்சம் அதிகம், பரவாயில்ல.

மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வச்ச முதல் ரெசிஸ்டர் சாமணத்துலேருந்து தெறிச்சு எங்கேயோ போயிடுச்சு. காலி வீடுதான், ஆனாலும் கிடைக்கலை.

இன்னொரு வழி இருக்கு. சீலி சார்ஜர்னு ஓப்பன் சோர்ஸ் நிரல், இந்தச் சிப்புக்குள்ளேயே ஏத்தலாம். மீட்டரைப் பார்த்து ஒவ்வொரு செல்லுக்கும் அளவைத் திருத்திக்கிற மெனு அதுல திறந்தே இருக்கு. ஆனா உள்ளே இருக்கிற பழைய நிரலைப் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கான். அழிச்சுட்டு எழுதலாம், நகல் எடுத்து வச்சுக்க முடியாது. போனா திரும்பி வர வழியில்ல. ஒன் வே டிக்கெட்.

இன்னிக்கு வேணாம்.

மே 20, புதன்

எதுக்கு இதெல்லாம்.

மே 21, வியாழன்

10 மெகாவோமைப் பத்த வச்சாச்சு. 4.15, 4.14, 4.16.

பத்து மில்லிவோல்ட் மேலே. மேலே காட்டினா நல்லதுதான், சீக்கிரம் நிறுத்தும். முழுசா ஏத்திப் பார்த்தேன். ஸ்கிரீன்ல ஃபுல். மீட்டர்ல 4.20, 4.21, 4.19. மூணு தடவை ஊசியை மாத்தி மாத்தி வச்சேன். 4.19தான். யாரையாவது கூப்பிட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு, ஹால்ல எதிரொலிதான் இருக்கு.

ராத்திரி வேற யோசனை. ரெண்டாவது செல் 4.21 இருக்கே. அது எந்த ரெசிஸ்டர்? அப்புறம் புனே மழையில ஈரம் ஏறினா? போர்டு மேல வார்னிஷ் அடிக்கணும். கழுவாத பாகம் இன்னும் இருக்கு, சிப்புக்கு அடியில. அங்கே பிரஷ் போகாது.

மே 22, வெள்ளி

ஆர்டர் வந்துடுச்சு. காலையில பதினொண்ணரைக்கு, ஒரு வரி மெயில். திங்கக்கிழமை அங்கே இருக்கணும்.

லாரிக்காரர் நாளைக்குன்னு சொன்னவர் இன்னிக்கு ராத்திரியே வண்டி காலியா இருக்கு, எட்டு மணிக்கு வரேன்னார். இப்போ ஆறு. சார்ஜர் திறந்தபடியே கிடக்கு, வார்னிஷ் இன்னும் காயலை, அந்தத் தலை தேஞ்ச ஸ்க்ரூவைக் காணோம். ரெண்டு பேக் இன்னும் ஃபுல்லா இருக்கு, இறக்கணும். இண்டிகேட்டர் பல்பை எந்த அட்டைப்பெட்டியில வச்சேன்னு