லிங்கனைத் தோற்கடித்த போதகரின் வீட்டாரைத் தேடி

முதலில் அந்த டிரைவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது மனசிலிருந்து இறங்கினால்தான் மற்றது எழுத வரும்.

இல்லினாய் மாநிலத்துத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிளெசன்ட் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊர் பதினைந்து மைல் இருக்கும். ஆப்பில் 34 டாலர் காட்டியது, ஏறினேன். ஊர் வந்து கதவைத் திறக்கும்போது, "திரும்பிப் போக இங்கே வண்டி கிடைக்காது. ஒரு மணி நேரம் நிற்கிறேன், கையில் 90 டாலர் கொடுங்கள்" என்றார். போனைப் பார்த்தேன், பக்கத்தில் ஒரு வண்டிகூட இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. பேசிப் பேசி 80க்கு இறக்கினேன். ஒத்துக்கொண்டாரே, அந்த ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டாமா? நாற்பதாவது நிமிடம் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார்! செத்தவர்கள் படுத்திருக்கிற இடத்தில் ஹாரன் அடிக்க எப்படி மனசு வரும்? மொத்தம் 114 டாலர் போயிற்று. அந்தப் பணத்தில் ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுத்திருக்கலாம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து கார் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சரி, அங்கே யாரைப் பார்க்கப் போனேன் என்று கேட்பீர்கள். பீட்டர் கார்ட்ரைட். குதிரையில் காடு மேடெல்லாம் சுற்றிப் பிரசங்கம் செய்த மெதடிஸ்ட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) போதகர். 1832-ல் இல்லினாய் சட்டசபைத் தேர்தலில் இவர் ஜெயித்தார். அதே தேர்தலில் பதின்மூன்று பேரில் எட்டாவதாக வந்து தோற்ற இளைஞர் ஆபிரகாம் லிங்கன். 1846-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். லிங்கனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று கார்ட்ரைட் தரப்பு கிளப்பிவிட, லிங்கன் துண்டறிக்கை அடித்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த முறை லிங்கனுக்கு 6,340 ஓட்டு, கார்ட்ரைட்டுக்கு 4,829.

என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்திவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வருவார். அதுவரை ஆச்சி அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பார். அதனால் இந்த மாதிரி மனிதர்களைப் பற்றிப் படித்தால், வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும்.

சிகாகோவிலிருந்து ரயில், மூன்றரை மணி நேரம், சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் இறங்கியவர்கள் எல்லோரும் லிங்கன் வீட்டுக்குப் போனார்கள் (இலவசம், போகலாம்). நான் நகர நூலகத்துக்குப் போனேன். அதன் பெயரும் லிங்கன் நூலகம்தான். அங்கே சங்கமன் பள்ளத்தாக்குத் தொகுப்பு என்று உள்ளூர் வரலாற்றுக்கும் வம்சாவளித் தேடலுக்கும் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். பைசா வாங்குவதில்லை. மேசையில் இருந்த அம்மா, "யாருடைய குடும்பம்? உங்களுடையதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எழுந்து போய் மூன்று பெட்டி எடுத்து வந்து வைத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சென்சஸில் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதியது 1850-லிருந்துதான். (அடிமைகளாக இருந்தவர்களின் பெயரை அப்போதும் எழுதவில்லை.) அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வயதுக் கட்டத்துக்குள் ஒரு எண். இந்த வயதில் பெண் இரண்டு, அந்த வயதில் பெண் ஒன்று, அவ்வளவுதான். கார்ட்ரைட்டுக்கு ஒன்பது பிள்ளைகள், ஏழு பேர் பெண்கள். 1808-ல் கென்டக்கியில் அவரைக் கல்யாணம் செய்துகொண்ட ஃபிரான்சிஸ் கெயின்ஸ் நாற்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கில் வெறும் எண்ணாகவே இருந்திருக்கிறார்!

கார்ட்ரைட் பிறந்தது 1785-ல், வர்ஜீனியாவின் அம்ஹர்ஸ்ட் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கென்டக்கிக்கு இடம் பெயர்ந்தது. அவர்கள் போய்த் தங்கிய லோகன் கவுன்டிக்குப் போக்கிரிகளின் துறைமுகம் என்று பெயர். தப்பி ஓடிவந்த குற்றவாளிகள் அவ்வளவு பேர். அப்பா பையனுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பந்தயக் குதிரை, ஒரு சீட்டுக்கட்டு. அம்மா மெதடிஸ்ட் பக்தை. 1801-ல் ஒரு கல்யாண வீட்டில் ஆடிவிட்டு வந்த ராத்திரி பையனுக்கு மனசு குத்தியிருக்கிறது. சீட்டுக்கட்டை அம்மா கையில் கொடுத்தான், அவர் அடுப்பில் போட்டார். குதிரையை விற்றுவிடும்படி அப்பாவிடம் சொன்னான். அப்புறம் இன்னொரு குதிரையில் ஏறியவர் எழுபது வயது தாண்டியும் இறங்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தது குழந்தைகள் 8,000, பெரியவர்கள் 4,000 என்று அவரே 1856-ல் வெளிவந்த சுயசரிதையில் கணக்கு எழுதியிருக்கிறார்.

அந்த எண்களை ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். நான் கேட்க நினைத்தது சிந்தியாவைப் பற்றி.

அடிமை முறை இருக்கிற மண்ணில் பெண் பிள்ளைகளை வளர்க்கக் கூடாது என்று 1824-ல் கென்டக்கியை விட்டுக் கிளம்பினார்கள். வண்டிப் பயணம். இல்லினாய்க்குள் நுழைந்தபின் ஒரு ராத்திரி காட்டில் தங்கினார்கள். படுத்திருந்த இடத்தில் ஒரு மரம் சாய்ந்து மூன்றாவது மகள் சிந்தியா மேல் விழுந்தது. ஹாமில்டன் கவுன்டியில் புதைத்துவிட்டு, மீதிப் பிள்ளைகளோடு மறுபடி வண்டி கட்டினார்கள். அந்தத் தாய் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்திருப்பாரா, இல்லையா? நூலகத்தில் இருந்த அவ்வளவு நேரமும் எனக்கு இதே நினைப்பு. சென்சஸ் ஏடுகளில் அந்தப் பிள்ளையின் பெயர் கிடையாது; 1850 வரை உயிரோடு இருந்தால்தானே.

மனசு கனத்துப் போய் வெளியே வந்தேன், பசி வேறு. இந்த ஊருக்கென்று ஒரு சாப்பாடு இருக்கிறது, பெயர் ஹார்ஸ்ஷூ, அதாவது குதிரை லாடம். 1928-ல் இங்கே ஒரு ஹோட்டலில் பிறந்தது. தடிமனான டோஸ்ட் ரொட்டி, அதன்மேல் இறைச்சி, அதை மூடி ஒரு குன்று மாதிரி உருளைக்கிழங்கு ஃபிரைஸ், எல்லாவற்றின் மேலும் கொதிக்கக் கொதிக்கச் சீஸ் சாஸ். ஃபிரைஸ்தான் லாடத்து ஆணிகளாம். 16 டாலர் என்றதும் தயங்கினேன். தட்டு வந்தது, தயக்கம் போயிற்று. ஓரத்தில் சாஸ் ஊறிய ரொட்டியும் நடுவில் மொறுமொறுப்பு விடாத உருளைக்கிழங்கும் ஒரே வாயில்! காரமான சாஸ் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன், இன்னும் பிரமாதம். பாதியைப் பொட்டலம் கட்டி ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன், ஆக 16 டாலரில் இரண்டு வேளை. லிங்கன் மியூசியத்தை விட்டாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

அடுத்து பேரன் கதை. 1859 ஜூலையில் பிளெசன்ட் பிளெய்ன்ஸில் ஒரு மருந்துக் கடையில் நடந்த சண்டையில், கார்ட்ரைட்டின் மகள் வயிற்றுப் பேரன் பீச்சி குவின் ஹாரிசன், கிரீக் கிராஃப்டன் என்ற இளைஞனைக் கத்தியால் குத்திவிட்டான். கிராஃப்டன் இறந்துபோனான். அவன் லிங்கனின் அலுவலகத்தில் சட்டம் படித்த பையன். அப்படியும் ஹாரிசனுக்காக வாதாடியது லிங்கன்! தேர்தலில் தன்னை நாத்திகன் என்று ஊரைப் பேசவைத்த மனிதரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். எழுபது வயதைத் தாண்டிய கிழவர், சாகக் கிடந்த கிராஃப்டனைத் தான் போய்ப் பார்த்ததையும், இதை நானே தேடிக்கொண்டேன், குவினை மன்னிக்கிறேன் என்று அவன் சொன்னதையும் சாட்சியாகச் சொன்னார். பேரன் விடுதலையானான். அந்த விசாரணையை வரிக்கு வரி எழுதிய குறிப்பு 1989 வரை வெளியே வரவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில், ஹாரிசன் வம்சத்தார் வீட்டு கராஜில் கிடைத்தது. வீட்டில் பழைய தாள் கட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு லிங்கன் மேல் மரியாதை கூடியது இந்த வழக்கால்தான். கார்ட்ரைட் மேலும்தான். சொந்தப் பேரனுக்காகக் கூண்டேறி, பறிகொடுத்த வீட்டுப் பிள்ளையின் கடைசி வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம்! அந்த ஊரில் அத்தனை வீட்டுக்கும் அவர்தானே போதகர் மாதிரி.

பிளெசன்ட் பிளெய்ன்ஸில் அவர் பெயரிலேயே ஒரு மெதடிஸ்ட் சபை இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் நல்ல காற்று, சோளத் தோகை சலசலப்பதைத் தவிர வேறு சத்தமில்லை. 1872-ல் போன கார்ட்ரைட்டும் நாலு வருஷம் கழித்துப் போன ஃபிரான்சிஸும் இங்கேதான் இருக்கிறார்கள். அறுபத்து நாலு வருஷக் குடித்தனம். அவர்களைப் பார்த்துவிட்டுச் சுற்றியுள்ள பழைய கற்களைப் படிக்க ஆரம்பித்தேன். வெள்ளைக் கல்லில் மழை பட்டு எழுத்து கரைந்து, நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழும்பி வருகிறது. ஒரு சின்னக் கல்லில் இப்படி "இன்னாரின் மகள்" என்ற வரி வரைக்கும் வந்துவிட்டேன். பெயருக்காக டார்ச்சை மேலே நகர்த்தினேன். அப்போதுதான் அந்த ஹாரன்.

அக்டோபரில் ஹாமில்டன் கவுன்டிக்குப் போகிறேன். சிந்தியாவை விட்டுவிட்டு வந்த பக்கம். ரயில் கிடையாது, இரண்டு நாள் வாடகைக் காரும் ஒரு ராத்திரி ரூமும் சேர்த்தால் 250 டாலருக்குக் குறையாது. சிகாகோ பக்கம் இருக்கிற யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். டார்ச் நான் கொண்டுவருகிறேன்.