டப்ளினிலிருந்து வந்த கப்பல்

கோபன்ஹேகனிலிருந்து ரொஸ்கில்டேவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். மடியில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளைப் பற்றிய, பாதி படித்த நாவல். இந்த வகைக் கதைகள் மேல் எனக்குத் தீராத பசி. கோடரிச் சண்டை, குடும்பப் பகை, பற்றி எரியும் மடங்கள் என்றால் மூச்சுவிடாமல் படிப்பேன். கடல் பயணம் வந்தால் மட்டும் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். அந்தப் பழக்கம் அன்றோடு போயிற்று.

வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம், நிலத்துக்குள் நீளும் கடல் நுழைவான ஃபியோர்டின் கரையிலேயே இருக்கிறது. உள்ளே ஐந்து கப்பல்கள். 1070 வாக்கில், எதிரிகள் கடல்வழியாக ரொஸ்கில்டேவை நெருங்காதபடி, பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி ஸ்குல்டெலெவ் என்ற ஊர் அருகே மூழ்கடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மீனவர்கள் அங்கே கிடந்த சிதைவை, 1400 வாக்கில் டென்மார்க்கை ஆண்ட மார்கிரேட்டே ராணி காலத்துக் கப்பல் என்றே சொல்லிவந்தார்களாம். 1950களின் கடைசியில் முக்குளித்துப் பார்த்தபோதுதான் ராணியைவிட 300 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது என்று தெரிந்தது. 1962இல் சுற்றிலும் தடுப்பு கட்டி, நீரை இறைத்து, ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெளியே எடுத்தார்கள்.

நான் நெடுநேரம் நின்றது போர்க்கப்பலுக்கு முன்னால். அதில் மிஞ்சியது ஏறக்குறைய கால் பங்கு மரம்தான். மீதி உருவத்தை இரும்புச் சட்டம் காட்டுகிறது. நீளம் சுமார் 30 மீட்டர், அகலம் 4 மீட்டர்கூட இல்லை. அறுபது பேர் தண்டு வலித்த கப்பல். அறை கிடையாது, கூரை கிடையாது. ஓக் மரத்தின் வளையங்களை ஆராய்ந்து, 1042இல் அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் படித்த கதைகளில் கப்பல் எப்போதும் இங்கிருந்து அயர்லாந்துக்குப் போகும். இதுவோ அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது. யார் ஓட்டி வந்தார்கள்? கல்லை ஏற்றி மூழ்கடித்த நாளில் அவர்களில் எவராவது கரையில் நின்றார்களா? மரத்துக்கு ஊரும் ஆண்டும் கிடைத்துவிட்டன, மனிதர்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. வரலாற்று நாவலை நான் நேசிப்பது இந்த வெற்றிடத்துக்குள் அது துணிந்து இறங்குவதால்தான்.

இதே கப்பலை இங்கே மறுபடியும் கட்டி, 2007இல் டப்ளின்வரை ஓட்டிப்போனார்கள். ஆறு வாரப் பயணம். மழையிலும் குளிரிலும் திறந்த பலகைமேல்தான் தூக்கம்.

பார்வையாளர்களையும் சிறிய படகுகளில் ஃபியோர்டுக்குள் அழைத்துப்போகிறார்கள். நானும் துடுப்பு பிடித்தேன். எல்லாரும் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் துடுப்புகள் மோதிக்கொள்கின்றன. பத்தே நிமிடத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. பாயை ஏற்றியதும் சட்டென்று ஓர் அமைதி. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது காலில் தெரிந்தது.

திரும்பும் ரயிலில் நாவலைத் திறந்தேன். கதாநாயகன் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுகளில் கிளம்பி, ஒரே பத்தியில் அயர்லாந்து சேர்ந்திருந்தான். அந்தப் பத்தியின் முதல் வரிக்குத் திரும்பிப் போனேன்.