டெல்பியில் ஒரு சுவர், கோட்டை வாசலில் ஒரு கல்

திருகோணமலையில், கோணேசர் மலையடியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் கடலோரத்தில் பாறை உயர்ந்து நின்றால், அதன் உச்சியில் கோயில் இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும். கிறீஸில் அப்படித் தேடின இடத்தில் உண்மையாகவே இருந்தது. ஏதென்ஸிலிருந்து கரையோரமாக பஸ்ஸில் போனால் சூனியோ முனை வரும். மூன்று பக்கமும் கடல், ஏறக்குறைய 60 மீற்றர் உயரப் பாறை, அதன் மேலே கடல் தெய்வம் பொசைடனுக்கு கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலின் வெள்ளைத் தூண்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. ஜேர்மனியிலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்ட தம்பிதான், "அக்கா, எங்கட கோயிலும் இப்பிடித்தானே நிண்டிருக்கும்" என்றான். போர்த்துக்கேயர் 1622இல் இடித்ததும், அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினதும், மிச்சம் கடலுக்குள் போனதும் நாங்கள் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த கதை. அன்று பொழுதுபடும் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

இனிப் போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நடங்கள். படங்களில் நீலக் கூரையும் வெள்ளை வீடும்தான் வரும், ஆனால் அந்த நாட்டில் பெரும்பகுதி மலை. பழைய இடங்களை மலையில்தான் கட்டியிருக்கிறார்கள், பஸ்ஸால் இறங்கி அரை மணித்தியாலம் படம் எடுத்துவிட்டு ஏறினால் ஏன் அங்கே கட்டினார்கள் என்பது விளங்காது.

டெல்பியில் எனக்கு அது விளங்கியது. பர்னாசஸ் மலைச் சரிவில் இருக்கிறது கிரேக்கத் தெய்வம் அப்பலோவின் கோயில். அந்தக் காலத்தில் குறி கேட்க வந்தவர்களில் கடல்வழி வந்தவர்கள் கீழே கிர்ரா துறையில் இறங்கி, மேலே நடந்துதான் ஏறினார்கள். நாங்கள் அதே பக்கமாக, க்றிசோ என்ற ஊர் வழியே, ஒலிவ மரங்களுக்குள்ளால் கீழே இறங்கினோம். எங்கே பார்த்தாலும் ஒலிவ மரம், கடல் வரைக்கும். பாதி வழியில் திரும்பி மேலே பார்த்தால் கோயில் இருந்த இடமே தெரியவில்லை, வெறும் பாறைதான். கால் நோக நோக ஏறி வருகிறவனுக்குக் கடைசியில் அது திடீரென்று கண்முன் வந்திருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் சாமி சொல்வதை யார்தான் நம்பாமல் விடுவார்கள்?

கோயில் மேடைக்குக் கீழே ஒரு தாங்குசுவர் இருக்கிறது. எல்லாரும் தூண்களைப் பார்த்துக்கொண்டு அதைக் கடந்துபோகிறார்கள், தயவுசெய்து நில்லுங்கள். சதுரக் கல் அல்ல. பல கோணம், வளைந்த விளிம்பு, ஒரு கல்லின் வளைவுக்குள் அடுத்த கல்லின் வளைவு போய் இருக்கிறது, சாந்து கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்க எழுத்து, நெல்மணி அளவில், நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். என்ன எழுதியிருக்கிறது என்றால், பெரும்பாலும் அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்கள். ஆளைக் கடவுளுக்கு விற்பது போல எழுதி, அதன் வழியாக அவரை விடுவித்திருக்கிறார்கள். யாரும் பிறகு மறுக்காமல் இருக்கக் கோயில் சுவரிலேயே வெட்டினார்கள். ராஜாவின் புகழ் இல்லை, யாரோ ஒரு பெண்ணுக்கு விடுதலை கிடைத்த செய்தி. எனக்கு நெஞ்சை அடைத்தது.

அப்புறம் கிறீட் தீவு. பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் விடியக் கிறீட். அங்கே சமாரியா பள்ளத்தாக்கு, 16 கிலோமீற்றர், 1,200 மீற்றருக்கு மேலிருந்து கடல்மட்டம் வரை இறக்கம். இறக்கம் தானே என்று நினைக்க வேண்டாம், முதல் ஒரு மணித்தியாலமே முழங்காலை உலுக்கிவிடும். தம்பி புதுச் சப்பாத்தோடு வந்து இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப் போய்த்தான் முடித்தான், ஆகவே பழகின சப்பாத்துப் போடுங்கள். தண்ணீர் சுமக்கத் தேவையில்லை, வழியில் ஊற்றுகள் இருக்கின்றன, ஒரு போத்தல் போதும். ரிக்கெற்றைத் தொலைக்காதீர்கள், கீழே வெளியேறும்போது கேட்பார்கள், உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக. நடுவில் சமாரியா என்ற ஊர், 1962இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது சனம் எழும்பிப் போய்விட்டது, வீடுகள் மட்டும் நிற்கின்றன. இடம்பெயர்ந்து கிடந்த ஊர்களைப் பார்த்தவர்கள் நாங்கள், அந்த வீட்டு வாசல்களில் இருவரும் அதிகம் கதைக்கவில்லை.

பிறகு 'இரும்பு வாசல்'. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 300 மீற்றர் செங்குத்துப் பாறை, நடுவில் நாலு மீற்றர் அளவுக்குத்தான் வழி. எங்கள் கோணேசர் மலைப் பாறையில் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டை இன்னும் ஆழமாக்கி, அதற்குள் ஆளை நடக்கவிட்டது போல. அதைத் தாண்டினால் அகியா ரூமெலி, தார் வீதி வராத கடற்கரை ஊர், பின்னேரக் கப்பலில்தான் வெளியே வரலாம். கடலில் இறங்கினேன். அந்த உப்புத்தண்ணி காலில் பட்டதும் வந்த சுகத்தைச் சொல்லத் தெரியவில்லை.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் போனது மே மாதம், நல்ல காலம். யூலை, ஓகஸ்டில் எங்கள் ஊர் வெயிலையும் வெல்லும், ஏதென்ஸின் குன்றுக்கோட்டையான அக்ரோபொலிஸையே மத்தியானத்தில் பூட்டிவிடுகிற அளவுக்குச் சில வருடங்களில் கொளுத்தியிருக்கிறது. பள்ளத்தாக்கும் மே முதல் ஒக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

வந்து இரண்டாம் கிழமை அம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போனேன். ஓட்டோ வேண்டாம், கோட்டை வாசலிலிருந்து நடப்போம் என்றேன். அம்மா சம்மதித்தார், மான்கள் வழியிலேயே படுத்திருந்தன. ஆனால் ஏறத் தொடங்குவதற்கு முதல் வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கே வாசல் கல்லில் இரண்டு கயலும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. எத்தனை நூறு தடவை அதற்குள்ளால் போய் வந்திருப்பேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "இது 'ன' தானே பிள்ளை?" என்று கேட்டார். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, ஓரமாக ஒதுங்கி நின்று அடுத்த எழுத்தைத் தேடினோம்.